இரண்டு வாரத்துக்கு மட்டும்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று கடையில் மானம் கப்பலேறிவிட்டது. இரத்த அழுத்தத்துக்கு ஐந்து மில்லிகிராம் மாத்திரை கேட்டவருக்குப் பத்து மில்லிகிராம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நல்ல வேளையாக அவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. எதையும் இரண்டு தடவை படிக்காமல் வாயில் போடுகிற ஆள் இல்லை. அரை மணி நேரத்தில் திரும்பி வந்து அட்டையை மேசைமேல் வைத்தார். “இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிம்மா.” ஐந்து என்று வாசித்தேன். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

கூட வேலை பார்க்கும் தோழி, நான் நெட்டை என்று கூப்பிடுகிறவள், பின்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். எட்டு வருடமாக ஒரே கவுண்டரில் நிற்கிறோம், அவளுக்கு அந்த உரிமை உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் மருந்தாளுநர் உரிமம் என் பெயரில் இருக்கிறது. அந்த அம்மா படிக்காமல் விழுங்கியிருந்தால்?

பிப்ரவரி 12

முப்பத்தாறு வயது. வாசிக்கும் கண்ணாடிக்கு இன்னும் நாலைந்து வருடம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஒன்றுதான் புரியவில்லை. வெளிச்சம் கூடினால்தான் கண் தெரியாமல் போகிறது. கவுண்டருக்கு மேலே இருக்கும் ட்யூப்லைட்டை அணைத்துப் பார்த்தேன், எழுத்து ஓரளவு தெளிந்தது. முதலாளி உள்ளேயிருந்து வந்து, “ஏம்மா, மருந்துக்கடை நடத்துறோமா, பேய் வீடு நடத்துறோமா?” என்று மறுபடி போட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

என் வீட்டுக்காரருக்கு மரப்பட்டறையில் வேலை. பெரிய அறுப்பு மிஷின் அவர் பொறுப்பில். வீட்டுக்கு வரும்போது புருவம், இமை, காது மடல் எல்லாம் மரத்தூளாக இருக்கும். “உங்களைத் தட்டினா ஒரு ஸ்டூல் செய்யலாம்” என்பேன்.

கண் அரிப்பு என்னவோ எனக்குத்தான் முதலில் வந்தது. தூசு ஒவ்வாமை. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கண் டாக்டர் ரோஜா நிற மூடி போட்ட சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு கலந்தது. காலை ஒன்று, மாலை ஒன்று, இரண்டு வாரத்துக்கு மட்டும். மூன்றாம் நாளே அரிப்பு போன இடம் தெரியவில்லை. இரண்டு வாரம் முடிந்து நிறுத்தினேன், திரும்பி வந்தது. மறுபடி போட்டேன். நிற்பதே மருந்துக்கடையில் — சீட்டைக் கேட்க வேண்டியவளும் நான்தான், காட்ட வேண்டியவளும் நான்தான். ஆறு மாதம் கழித்து அவருக்கும் கண் அரித்தது. “எனக்கும் ஒரு சொட்டு குடேன்” என்றார். கொடுத்தேன். நாலரை வருடம் ஆயிற்று.

ஊருக்கெல்லாம் நான் கறார். டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மருந்தைக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சீட்டோடு வந்தால் உறைமேல் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுப்பேன்: இரண்டு வாரத்துக்கு மட்டும்.

இதையெல்லாம் இன்று எழுதக் காரணம் இருக்கிறது. வழக்கம்போல என் மடியில் தலை வைத்து, இரண்டு கண்ணையும் விரியத் திறந்துகொண்டு, “ஊத்துங்க டாக்டரம்மா” என்றார். சொட்டு கன்னத்தில் விழுந்தது. அடுத்தது மூக்கில். “என்ன, குறி தப்புது?” என்று சிரித்தார். அவர் முகம் என் மடியில்தான் இருந்தது. எனக்கு அது பனிமூட்டத்துக்குள் இருந்தது.

மார்ச் 3

மாலை சாலையைக் கடக்க முடியவில்லை. எதிரே வந்த வண்டிகளின் விளக்கு வெடித்துப் பரவுகிறது, பின்னால் வண்டி இருப்பதே தெரியவில்லை. ஒருவர் வந்து கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். நன்றி சொல்லத் திரும்பினால் — அவருக்கு எழுபது வயதாவது இருக்கும்.

மார்ச் 6, வியாழன்

கண் ஆஸ்பத்திரி. கண் பாவை விரிய மருந்து ஊற்றி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் இருந்தவர்கள் என் அப்பா வயது. பக்கத்தில் இருந்த அம்மாள், “யாரைக் கூட்டிட்டு வந்தே?” என்று கேட்டார்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி, வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டு நிதானமாகப் பார்த்தார். “ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு” என்றார்.

“புரையா? எனக்கா?”

“லென்ஸோட பின்பக்கம், சரியா நடுவுல. வெளிச்சம் பட்டா பாவை சுருங்கும். அப்போ அந்த நடுப்பகுதி வழியாத்தான் பார்த்தாகணும். அதான் வெளிச்சத்துல மோசமாத் தெரியுது.” பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “இந்த வயசுல, இந்த இடத்துல வந்தா நான் முதல்ல கேக்கறது ஸ்டீராய்டுதான். மாத்திரை, இன்ஹேலர், சொட்டு மருந்து — ஏதாவது?”

சொன்னேன். யார் எழுதியது, எத்தனை நாளைக்கு என்று கேட்டார். இரண்டு வாரத்துக்கு என்றேன். “அதுக்கப்புறம்?” நானே, என்றேன். என்ன வேலை என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புரையை எடுத்துட்டு வேற லென்ஸ் வைக்கலாம், நல்லா தெரியும். உங்க கண் அழுத்தம் சரியா இருக்கு, அது உங்க அதிர்ஷ்டம். சிலருக்கு இந்த மருந்து அழுத்தத்தை ஏத்திவிட்டுடும். வலிக்காது, சிவக்காது, ஒண்ணும் தெரியாது. நரம்பு கெட்டு ஓரத்துல இருந்து பார்வை போயிட்டே இருக்கும். போனது திரும்பாது. வீட்ல வேற யாராவது இதைப் போடறாங்களா?”

“இல்லை.”

அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

மார்ச் 7

ஏன் இல்லை என்றேன்?

சட்டம் போட்ட அந்த உரிமம் ஞாபகம் வந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்த விதம் ஞாபகம் வந்தது. தனக்குத் தானே போட்டுக்கொண்டவள் முட்டாள், அவ்வளவுதான். இன்னொருவருக்கு நாலரை வருடம் சீட்டு இல்லாமல் ஊற்றியவளுக்கு என்ன பெயர்?

மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை எடுத்து மறுபடி படித்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் பயன்படுத்தினால் கண் அழுத்தத்தைக் கண்காணிக்கவும். எனக்கு மனப்பாடமான வரி. பரீட்சைக்கு எழுதிய வரி.

என் வீட்டுக்காரருக்கும் பழைய மருந்தை நிறுத்திவிட்டேன். இன்று மாலை முதல் வெறும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, வெள்ளை மூடி. ஒரு தீங்கும் செய்யாதது. மூடி மாறியதை அவர் கவனிக்கவில்லை. நான் எதைக் கொண்டு வந்தாலும் கண்ணைத் திறந்து காட்டுகிற மனிதர். நிறுத்தினால் அழுத்தம் தானாக இறங்கிவிடும் என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது. ஏறியிருந்தால்தானே. ஏறியே இருக்காது.

மார்ச் 9, ஞாயிறு

புரை என்று மட்டும் வீட்டில் சொன்னேன். சிலருக்குச் சின்ன வயதிலேயே வரும், காரணம் தெரியாது என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “எனக்கு மூணு வயசு சின்னவ, எனக்கு முன்னாடி கிழவி ஆகிட்டியே.” சிரித்து முடித்து என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அம்மாவுக்கு போன் செய்தேன். “முப்பத்தாறு வயசுல என்னடி புரை? உங்க அப்பாவுக்கே அறுபத்தெட்டுலதானே வந்துது! அது நல்லா முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம், அவசரப்படாதே.” முத்தும்வரை யாரும் காத்திருப்பதில்லை இப்போதெல்லாம் என்றேன். அம்மா நம்பவில்லை.

மார்ச் 28

அவருக்கு அரிப்பு திரும்பிவிட்டது. கசக்கிக் கசக்கிக் கண் கொவ்வைப்பழமாகக் கிடக்கிறது. “இந்த மருந்து தண்ணியாட்டம் இருக்கு. பழசையே குடேன்” என்றார்.

“அது இப்போ வர்றதில்லைங்க. கம்பெனியிலயே ஸ்டாக் இல்லை.”

நாக்கு கூசாமல் சொன்னேன். கை கழுவும்போதுதான் கூசியது.

ஏப்ரல் 4

தேநீர் டம்ளரைத் தட்டிவிட்டார். இடது கைப்பக்கம் இருந்தது. கண் முன்னால் இருந்ததுதான்.

ஏப்ரல் 5

ஒரு டம்ளரைத் தட்டிவிடாத ஆள் உலகத்தில் உண்டா?

ஏப்ரல் 17

பட்டறையில் ஒருவர் தோளில் பலகை சுமந்து வந்திருக்கிறார். இவர் திரும்பும்போது அதன் முனை இடது நெற்றியில் இடித்து மூன்று தையல். “ஆள் நிக்கிறதைப் பார்க்காம வர்றானுங்க” என்று வீட்டுக்கு வந்தும் திட்டிக்கொண்டே இருந்தார். கூட வந்த நண்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவன் சத்தம் போட்டுக்கிட்டேதாம்மா வந்தான். இவர் நேரா போய் மோதிக்கிட்டார்” என்றார்.

நாளை சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 18

சொல்லவில்லை. நெற்றியில் கட்டோடு இருப்பவரிடம் எப்படி?

ஏப்ரல் 29

என் வலது கண்ணுக்கு மே எட்டாம் தேதி ஆபரேஷன். இரண்டு வாரம் விட்டு இடது. டாக்டரம்மா ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். புது லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் பொருந்தும், சொந்த லென்ஸ் மாதிரி கிட்டேயும் தூரத்தேயும் மாறி மாறிப் பார்க்காது. தூரத்துக்கு வைத்தால் வாசிக்கக் கண்ணாடி வேண்டும், ஆயுசு முழுக்க. தூரத்துக்கே வைக்கச் சொன்னேன்.

முதலில் என் கண் சரியாகட்டும். பிறகு அவரைப் பக்குவமாகக் கூட்டிப் போகலாம். பார்வை இல்லாதவள் எப்படி ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது?

எவ்வளவு அழகாகக் காரணம் கண்டுபிடிக்கிறேன்.

மே 8, வியாழன்

முடிந்தது. சொட்டு விட்டு மரத்துப்போகச் செய்தார்கள், ஊசிகூட இல்லை. முகத்தைத் துணியால் மூடி ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்தார்கள். பெரிய வெளிச்சம், அதற்குள் நிறங்கள் அசைந்தன. தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். “உடைச்சு உறிஞ்சி எடுக்கறோம், அசையாதீங்க” என்றார் டாக்டரம்மா. பதினைந்து நிமிடம். ஐந்து வருடமாக நான் சேர்த்து வைத்தது பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் வெளியே உட்கார்ந்திருந்தார். ஆட்டோ வரை என் கையை விடவில்லை. இதை எழுத ஒரு கண் போதும்.

மே 9

கட்டைப் பிரித்தார்கள். சுவர் வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் இவ்வளவு வெள்ளை என்பதை மறந்தே போயிருந்தேன். வலது கண்ணை மூடினால் அதே சுவர் பழுப்பு. இத்தனை நாள் பழுப்புச் சுவரை வெள்ளை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கொடுத்த மருந்துகளில் ஒன்று ரோஜா நிற மூடி. கையில் வாங்கவே மாட்டேன் என்றேன். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆபரேஷன் பண்ண கண்ணு வீங்காம இருக்க இது வேணும். அதே மருந்துதான். ஆனா நாள் எண்ணிப் போடறோம், எண்ணிக் குறைக்கறோம், நடுவுல வந்து அழுத்தம் பார்க்கறோம். மருந்து தப்பு இல்லைங்க.”

தப்பு எது என்று அவர் சொல்லவில்லை.

மாலை வீட்டில் என் வீட்டுக்காரர்தான் ஊற்றினார். இப்போது என் தலை அவர் மடியில். பட்டறைப் பென்சிலால் காலண்டரில் ஒவ்வொரு வேளைக்கும் கோடு போடுகிறார். மருந்துப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது நம்ம பழைய மருந்துதானே? ஸ்டாக் இல்லேன்னியே?”

“ஆஸ்பத்திரிக்கு மட்டும் வருதுங்க.”

“ஓஹோ” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வாய் வரை வந்தது. கண்ணில் மருந்து விழுந்தது, மூடிக்கொண்டேன்.

மே 22

இடது கண்ணும் முடிந்தது. இந்த முறை பயமில்லை. நெட்டை பார்க்க வந்தாள். கடையில் நான் இல்லாமல் முதலாளி தானே ட்யூப்லைட்டைத் துடைத்தாராம்.

மே 31

எல்லாம் தெரிகிறது. ஜன்னல் கம்பியின் துரு, எதிர்வீட்டு மாடிக் கொடியில் எத்தனை துணி, அவர் இமையில் ஒட்டிய தூள். நான் எவ்வளவு அழுக்காக வீட்டை வைத்திருந்தேன் என்பதும். கையில் புத்தகம் எடுத்தால் மட்டும் கண்ணாடி வேண்டும். நெட்டை போனில் சொல்கிறாள், “உன்னைக் கண்ணாடியோட பார்த்தா தலைமை ஆசிரியை மாதிரி இருப்பே.”

சந்தோஷமாக இருக்கிறது என்று எழுத ஆசை. அவர் இன்று கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். “கதவை யாரோ நகர்த்தி வெச்சிருக்காங்க” என்று எனக்காகச் சிரித்தார். திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் நேரம் கேட்கிறேன். திங்கட்கிழமை, கட்டாயம்.

ஜூன் 5, வியாழன்

திங்கட்கிழமை கேட்கவில்லை. இன்று கேட்டேன். ஏன் என்று எழுதுகிறேன்.

ஐந்தரைக்கு வேலையிலிருந்து வந்து, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போனார். நான் அறையின் இந்தக் கோடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் பட்டறைப் பென்சில், பக்கத்தில் ஏதோ ரோஜா நிறம். மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் சட்டையே எனக்கு ஒரு கறையாகத்தான் தெரிந்திருக்கும். எழுந்து போய் எடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். எங்கள் கடை உறை. நெட்டையின் கையெழுத்தில்: இரண்டு வாரத்துக்கு மட்டும்.

புட்டி பாதிக்குமேல் காலி.

“இது ஏது?”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “ஆஸ்பத்திரிக்கு வருதுன்னா கடைக்கும் வந்திருக்குமேன்னு போய்க் கேட்டேன். ஸ்டாக் நிறைய இருக்குண்ணான்னு உன் ஃப்ரெண்டு சொன்னா. வீட்டு ஆளுதானேன்னு சீட்டெல்லாம் கேக்கலை. ஆபரேஷன் டென்ஷன்ல உனக்கு மறந்திருக்கும்னு நெனச்சேன். எதுக்கு உன்னைத் தொந்தரவு பண்ணணும்? இது ரெண்டாவது புட்டி. பட்டறையில நாலு தடவை, அஞ்சு தடவை போட்டுக்கறேன். ரொம்பச் சுகமா இருக்கு.”

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். புரை எதனால் வந்தது, டாக்டரம்மா என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், வெள்ளை மூடி எது, எதற்கு. அழுதுகொண்டே சொன்னேனா, தெரியவில்லை. அவர் துண்டைக் கையில் வைத்தபடியே நின்றார்.

“மார்ச்சுலயே தெரியுமா?”

“தெரியும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“பயமா இருந்துதுங்க.”

துண்டைக் கொடியில் போட்டார். பிறகு, “என்னையும் பயப்பட விட்டிருக்கலாம்ல” என்றார். அவர் குரல் உயரவே இல்லை.

ஜூன் 6

அவருக்கு வலது கண் அழுத்தம் முப்பத்து நான்கு. இடது நாற்பத்து ஒன்று. இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டும்.

டாக்டரம்மா மருந்து ஊற்றி, மாத்திரை கொடுத்து, இரண்டு மணி நேரம் அங்கேயே வைத்திருந்தார். பார்வைப் பரப்பைச் சோதிக்கும் மிஷினில் உட்கார வைத்து ஒரு தாளைக் கொண்டு வந்தார். இடது கண்ணுக்கான படத்தில் பாதிக்குமேல் கறுப்பு. வலது கண்ணில் ஓரம் மட்டும்.

“இது நாலு வாரத்துல வந்த சேதம் இல்லை. வருஷக்கணக்கா நடந்திருக்கு. நீண்ட நாள் போட்டவங்கள்ல சிலருக்கு மருந்தை நிறுத்தினாலும் அழுத்தம் இறங்காது. அதான் உங்களை அன்னிக்கே கேட்டேன்” என்றார். அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

“மார்ச்சுலயே வந்திருந்தா?” நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“இன்னும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது.”

எனக்கு இரண்டு கண்ணிலும் புது லென்ஸ். அந்தத் தாளின் கறுப்பு எவ்வளவு கறுப்பு என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஜூன் 7

நெட்டையிடம் சொன்னேன். கவுண்டரிலேயே விம்மி அழுதாள். “ஸ்டாக் இருக்கான்னுதாண்டி கேட்டார். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.” அவளுக்கு ஆறுதல் சொல்ல நான் யார்? முதலாளி கதவைச் சாத்திவிட்டு, “வெளியில மூச்சு விடாதே” என்றார். சுவரில் இருந்த என் உரிமத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. அதன் கீழே நிற்க முடியவில்லை.

ஜூன் 19

பட்டறையில் அவரை மிஷினில் இருந்து எடுத்துவிட்டார்கள். உப்புத்தாள் தேய்க்கும் மேசை. பதினாலு வருடம் அறுத்த ஆள். “பரவாயில்லை, உக்காந்த வேலை” என்றார். பிறகு சாப்பிடாமல் எழுந்து போனார்.

ஜூலை 2

ஒரே வீட்டில் இருக்கிறோம். பேசுகிறோம். தண்ணீர் வந்ததா, சாவி எங்கே, மருந்து தீர்ந்ததா. அழுத்தத்தைக் குறைக்க மூன்று மருந்து. அவரே கண்ணாடி முன் நின்று போட்டுக்கொள்கிறார். பாதி வெளியே வழிகிறது. “நான் போடட்டுமா?” என்று கேட்டேன். “வேணாம்” என்றார்.

ஜூலை 15

அம்மா வந்திருந்தாள். அவளிடமும் மறைக்கவில்லை. “தெரிஞ்சேவாடி பண்ணே?” என்று கேட்டாள். தெரிந்து செய்யவில்லை. தெரிந்த பிறகு மறைத்தேன். இரண்டில் எது பெரியது என்று அவளும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6

மருந்துக்கு அழுத்தம் கட்டுப்படவில்லை. இடது கண்ணில் ஆபரேஷன் — கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிய ஒரு வழி செய்கிறார்கள். “இது பார்வை வர்றதுக்கு இல்லை, இருக்கறது போகாம இருக்கறதுக்கு” என்று டாக்டரம்மா மூன்று முறை சொன்னார். இவர் மூன்று முறையும் தலையாட்டினார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், “புரையா தம்பி? கவலைப்படாதே, நாளைக்கே பளிச்சுனு தெரியும்” என்றார். இவர் அவரிடம் மரியாதையாக, “சரிங்க ஐயா” என்றார்.

ஆகஸ்ட் 21

அழுத்தம் வலது பதினாறு, இடது பதினைந்து. ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக இருவரும் சேர்ந்து தேநீர் குடித்தோம்.

செப்டம்பர் 9

வேறொரு வேலை கிடைத்தது, கண் ஆஸ்பத்திரி மருந்தகத்தில். நேர்முகத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். எடுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். டாக்டரம்மா பேசியிருப்பார் போலிருக்கிறது. சொட்டு மருந்து வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், வீட்டில் வேறு யாராவது போடுகிறார்களா என்று கேட்கிறேன். பத்துக்கு ஒன்பது பேர் இல்லை என்கிறார்கள். கேட்டு முடிப்பதற்குள் சொல்கிறவர்களை இரண்டாம் முறை கேட்கிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

நான்கு மாதம் கழித்து மறுபடி பார்வைப் பரப்புச் சோதனை. கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, முகத்தை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் வைக்கச் சொல்லி, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்கச் சொல்வார்கள். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சம் வந்து வந்து மறையும். ஒவ்வொன்றையும் கண்டதும் பட்டனை அழுத்த வேண்டும்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை, பட்டன் சத்தம் கேட்டது. இவருக்கு முன்னால் போன பெண்ணுக்கு டிக், டிக், டிக் என்று சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதையே ஒரு பாட்டு மாதிரி கேட்டிருக்கிறேன். பிறகு இவர் போனார். வலது கண்ணுக்குப் பரவாயில்லை. இடது கண்ணுக்கு இரண்டு, மூன்று டிக். பிறகு ஒன்றுமில்லை. மிஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு டிக். மறுபடி நெடுநேரம் ஒன்றுமில்லை. பட்டன் கெட்டுவிட்டதோ என்று எழுந்துகூட நின்றேன்.

வெளியே வந்தவர் முகம் தெளிவாக இருந்தது. ஜூன் மாதத்துக்குப் பிறகு அப்படிப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார். “இன்னிக்கு நல்லா பண்ணேன்” என்றார். “வந்த வெளிச்சம் ஒண்ணைக்கூட விடலை.”

ஆமாங்க என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை.

“இல்லைங்க” என்றேன். “நான் வெளியிலதான் இருந்தேன். இடையில நிறைய நேரம் சத்தமே கேக்கலை.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையை முழுவதும் திருப்பித்தான் இப்போது பார்க்க முடிகிறது. யோசித்தார்.

“அப்போ அந்த நேரத்துலயும் வெளிச்சம் வந்துக்கிட்டுதான் இருந்துதா?”

“வந்துக்கிட்டுதாங்க இருந்துது” என்றேன்.